ஹைகேட் குன்றில் குமரன்

குன்று இருக்கும் இடமெல்லாம் குமரன் இருக்கும் இடம் என்பர் நம் பெரியோர். கடல் கடந்த மண்ணிலும் அது மெய்யாவதை, லண்டன் மாநகரின் வடபுறத்தே உள்ள ஹைகேட் என்னும் குடியிருப்பில் கண்டேன்.

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் மகள் இல்லத்தில் சில மாதங்கள் தங்கினேன். "இனி இங்கேயே இருந்துவிடுங்கள் அப்பா" என்றாள் மகள். ஊரையும் கோயிலையும் விட்டு முதுமையில் வாழ இயலுமா? அந்தக் கலக்கத்தோடுதான் மாலைதோறும் நடக்கப் புறப்படுவேன்.

முற்காலத்தில் லண்டன் பிஷப்பின் நிலத்தைக் கடப்போரிடம் சுங்கம் வாங்க, இக்குன்றின் உச்சியில் ஒரு வாயில் இருந்தது. 'உயர்ந்த வாயில்' என்பதே ஹைகேட் என்னும் பெயரின் பொருள். குன்றின் அடியில் ஒரு கல்லும், அதன்மேல் ஒரு பூனைச் சிலையும் உள்ளன. பிழைக்க வழியின்றி நகரை விட்டு வெளியேறிய விட்டிங்டன் என்ற ஏழைச் சிறுவன், இங்கே ஆலய மணியோசை கேட்டுத் திரும்பிச் சென்று, பின்னாளில் லண்டன் மேயரானான் என்பது செவிவழிக் கதை.

செங்குத்தான ஏற்றத்தைத் தவிர்க்க முதலில் சுரங்கம் தோண்டினார்கள். 1812இல் அது இடிந்து விழுந்தது. பிறகு குன்றைப் பிளந்து அமைத்ததே ஆர்ச்வே சாலை. 1884இல் கம்பிவடத்தால் இழுக்கப்படும் டிராம் வண்டி இக்குன்றில் ஏறியது; ஐரோப்பாவிலேயே அத்தகைய வண்டி அதுதான் முதலாவது. கவிஞர் கோல்ரிட்ஜ் தம் இறுதி ஆண்டுகளை இங்கே கழித்தார். கார்ல் மார்க்ஸ் இங்குள்ள கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார்.

சுமார் 70 ஏக்கர் பரப்புள்ள ஹைகேட் வனம் கட்டட மனைகளாகிவிடாமல் காக்க ஊரார் பாடுபட்டனர். 1886இல் அது பொதுமக்களுக்கு உரியதாயிற்று. ஆர்ச்வே சாலையை அகலப்படுத்தும் திட்டத்தையும் குடியிருப்போர் பல்லாண்டுகள் எதிர்த்தனர். 1990இல் அது கைவிடப்பட்டது.

அந்தச் சாலையில்தான் 1986 முதல் முருகப் பெருமான் கோயில் கொண்டிருக்கிறான். 2002இல் தமது பொன்விழா ஆண்டில் எலிசபெத் மகாராணியார் இத்திருக்கோயிலுக்கு வருகை தந்தார். பிரிட்டனின் அரசர் ஒருவர் அந்நாட்டில் உள்ள இந்துக் கோயிலுக்கு வந்தது அதுவே முதல்முறை.

ஒரு வெள்ளிக்கிழமை, பிராகாரத்தில் என் அருகே அமர்ந்திருந்த யாழ்ப்பாணத்து முதியவரிடம் என் கலக்கத்தைச் சொன்னேன். அவர் மெல்லச் சிரித்தார். "உங்களுக்குத் திரும்பிப் போக ஊர் இருக்கு, ஐயா. எங்களுக்கு வீடே இல்லை. அதாலதான் முருகனை இஞ்ச கூட்டிக்கொண்டு வந்தனாங்கள்."

என்னால் விடை கூற இயலவில்லை. இருக்கின்ற ஊரை எண்ணிக் கலங்கிய எனக்கு, இழந்த ஊரைச் சுமந்தபடி கோயில் எழுப்பியவர்களின் பெருமை அப்போதுதான் விளங்கியது. தீபாராதனை மணி ஒலித்தது. விட்டிங்டன் கேட்ட மணி நினைவுக்கு வந்தது.

நான் ஊர் திரும்பிவிட்டேன். ஆனால் மகளையும் பேரக் குழந்தைகளையும் அந்நிய மண்ணில் விட்டு வந்தேன் என்ற துயரம் இப்போது இல்லை. வெள்ளிதோறும் அவர்கள் அக்குன்றுக்குச் செல்கிறார்கள். அங்கே அவர்களுக்குத் துணையாய் வேலவன் நிற்கிறான்.