பிறருக்காக அவுட்டானவர்

ரே சாப்மன் என்றால் பேஸ்பால் ரசிகர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அவருடைய மரணம். மேஜர் லீக் ஆட்டத்தில் பிட்சர் எறிந்த பந்து பட்டு உயிரிழந்த ஒரே வீரர் அவர்தான். ஆனால் அந்தப் பந்துக்கு முன்னால் அவர் ஒன்பது சீசன்கள் ஆடியிருக்கிறார். பேசப்பட வேண்டியது அந்த ஒன்பது சீசன்களின் ஆட்டம்.

1891-ல் கென்டக்கி மாநிலத்தில் பிறந்த சாப்மன், இல்லினாய் மாநிலத்தில் ஹெரின் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் வளர்ந்தார். 1912-ல் கிளீவ்லாந்து அணிக்கு வந்தார். இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் அவர். தரையோடு சீறி வரும் பந்தை ஓடிப்போய்க் குனிந்து எடுத்து, நிமிரும் வேகத்திலேயே முதல் பேஸுக்கு எறிய வேண்டிய இடம் அது.

மட்டை பிடித்தால் சாப்மனின் தனித்திறமை சேக்ரிஃபைஸ். ஏற்கெனவே பேஸில் நிற்கும் சக வீரர் அடுத்த பேஸுக்கு ஓட வேண்டும். அதற்காக, பந்தை ஓங்கி அடிக்காமல் மட்டையைக் குறுக்கே நீட்டி மெல்லத் தட்டிவிடுவார். எதிரணி பந்தை எடுத்து இவரை அவுட்டாக்கும். அதற்குள் சக வீரர் முன்னேறியிருப்பார். 1917-ல் மட்டும் 67 முறை இப்படித் தன்னை விட்டுக்கொடுத்தார். அதே ஆண்டில், பந்து அடிபடக் காத்திராமல் ஓடி 52 பேஸ்களைத் திருடினார், பேட்டிங் சராசரி .302. அடுத்த ஆண்டு அமெரிக்கன் லீகிலேயே அதிக ரன் எடுத்தவரும் அவர்தான்.

1920 ஆகஸ்ட் 16. நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானம். யாங்கீஸ் அணியின் கார்ல் மேஸ், கையைத் தரையை ஒட்டித் தாழ்த்தி எறிபவர். அந்தக் காலத்தில் ஒரே பந்தை வெகுநேரம் வைத்து ஆடுவார்கள். மண்ணும் அழுக்கும் ஏறிக் கறுத்த பந்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஐந்தாவது இன்னிங்ஸில் மேஸ் எறிந்த பந்து, குனிந்து நின்ற சாப்மனின் இடது நெற்றிப்பொட்டைத் தாக்கியது. சத்தம் கேட்டு, பந்து மட்டையில் பட்டதாகவே மேஸ் நினைத்தார். தன்னிடம் உருண்டு வந்ததை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தார். ஆனால் சாப்மன் நின்ற இடத்திலேயே சரிந்து கொண்டிருந்தார். மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தும் பலனில்லை. மறுநாள் விடியற்காலையில் உயிர் பிரிந்தது. வயது 29. திருமணமாகி ஓராண்டுகூட ஆகவில்லை, மனைவி கருவுற்றிருந்தார்.

கறுப்புப் பட்டை அணிந்து சீசனைத் தொடர்ந்த கிளீவ்லாந்து, அந்த ஆண்டே புரூக்ளினை வீழ்த்தித் தன் முதல் வேர்ல்டு சீரிஸ் கோப்பையை வென்றது. சாப்மன் நின்ற இடத்துக்கு வந்த இளைஞர் ஜோ சூவெல், பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார்.

இந்த மரணத்துக்குப் பிறகு, அழுக்கேறிய பந்தை மாற்றிப் புதுப் பந்து கொடுப்பதில் நடுவர்கள் கண்டிப்பு காட்டத் தொடங்கினார்கள். ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கும் விதியோ 1971-ல்தான் வந்தது. அப்போதும் பழைய வீரர்களுக்கு விலக்கு இருந்தது. ஓர் உயிர் போன பிறகும் அரை நூற்றாண்டு தாமதித்ததற்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது.

ஒரே சீசனில் 67 சேக்ரிஃபைஸ் என்ற சாப்மனின் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. அவர் எப்படி இறந்தார் என்று சொல்லும் ஒவ்வொருவரும் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.