ஒரே கூரை – 11: மீனுக்குக் காது கேட்கும்

தொட்டியின் மேல் பூனை ஏறிப் படுப்பது விளக்கின் சூட்டுக்காக என்று சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் தொட்டி மூடி. ஆனால் மூடியைப் பற்றிப் படிக்கப்போன இடத்தில் மீனின் காது என்னைப் பிடித்துக்கொண்டது. நாய் வளர்க்கும் வீட்டுக்காரர்கள் அதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

மீனுக்குக் காது மடல் கிடையாது. மண்டைக்குள் உட்செவி உண்டு. 1820இல் ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வேபர், கெண்டை போன்ற மீன்களின் காற்றுப்பைக்கும் உட்செவிக்கும் நடுவே வரிசையாகக் கோத்திருக்கும் குட்டி எலும்புகளை விவரித்தார். முதுகெலும்பின் முன்பகுதியிலிருந்து உருவான எலும்புகள் அவை. தண்ணீரில் சத்தம் பரவும்போது காற்றுப்பை அதிர்கிறது; அந்த அதிர்வை எலும்புகள் காதுக்குக் கொண்டுபோகின்றன. மிதக்க உதவும் பையே மீனுக்குச் செவிப்பறை மாதிரி வேலை செய்கிறது!

கொளத்தூர் கடைகளில் நாம் வாங்கும் மீன்களில் கோல்டு ஃபிஷ், கோய், டைகர் பார்ப், ஜீப்ரா டேனியோ, நியான் டெட்ரா, கெளுத்தி வகைகள் எல்லாவற்றுக்கும் இந்த எலும்புகள் உண்டு. கோல்டு ஃபிஷ் சுமார் 3,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். கப்பி, மோலி, ஏஞ்சல் மீன்களுக்கு இந்த எலும்புகள் இல்லை. கேட்கும், கூர்மை குறைவு. ஃபைட்டருக்கும் கௌராமிக்கும் வேறு ஏற்பாடு. மேலே வந்து விழுங்கும் காற்றை அவை தேக்கிவைக்கும் அறை காதை ஒட்டியே இருப்பதால் கேட்கவும் கைகொடுக்கிறது.

வேபர் சொல்லி நூறு வருடம் கழித்தும் மீன்கள் செவிடு என்று வாதாடியவர்கள் இருந்தார்கள். ஜெர்மானியக் காது மருத்துவர் ஓட்டோ கோர்னர் அவர்களில் முக்கியமானவர். எழுப்பிய சத்தம் எதற்கும் மீன் அசையவில்லை என்பது அவர் கட்சி. கார்ல் வான் ஃப்ரிஷ் வேறு மாதிரி யோசித்தார். சாப்பாட்டுக்கும் ஆபத்துக்கும் சம்பந்தமில்லாத சத்தத்துக்கு மீன் ஏன் அசைய வேண்டும்? பார்வையில்லாத கெளுத்தி ஒன்றுக்கு விசிலடித்துவிட்டு இரை கொடுத்தார். சில நாட்களில் விசில் கேட்டதுமே, தான் ஒளிந்திருந்த குழாய்க்குள்ளிருந்து அது வெளியே வந்தது. 1923இல் அதைக் கட்டுரையாக எழுதினார். தேனீக்களின் நடனத்தைப் படித்துச் சொன்னதற்காக 1973இல் நோபல் பரிசு பெற்றவர் இவர்தான். எனக்கென்னவோ அந்தக் கெளுத்தியும் தேனீக்களுக்குச் சளைத்ததல்ல.

இப்போது நாய்க்கு வருவோம். காற்றில் வரும் சத்தத்தில் ஏறக்குறைய முழுவதையும் தண்ணீரின் மேற்பரப்பு திருப்பியனுப்பிவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு உள்ளே போனால் அதிகம். அதனால் வாசலில் நின்று குரைக்கும் நாயால் பெரிய தொந்தரவு இல்லை. ஸ்டாண்டின் காலில் வாலை அடிக்கிற நாய், கண்ணாடியில் முன்னங்காலைத் தூக்கி வைக்கிற நாய், தொட்டியடியில் படுத்துச் சொறிகிற நாய்: இவைதான் தொந்தரவு. அந்த அதிர்வு கட்டை வழியாகவும் கண்ணாடி வழியாகவும் நேரே தண்ணீருக்குள் இறங்குகிறது.

மீனின் மூளைத்தண்டில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய நரம்பணுக்கள் இருக்கின்றன. மௌத்னர் அணுக்கள் என்று பெயர். திடீர் அதிர்வு வந்ததும் ஒரு பக்கத்து அணு தூண்டப்படுகிறது. நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் உடல் வில்லாக வளையத் தொடங்கி, மீன் எதிர்ப்பக்கம் பாய்கிறது. ஆற்றில் இந்தப் பாய்ச்சல் உயிரைக் காப்பாற்றும். இரண்டடித் தொட்டியில் கண்ணாடியில் மோத வைக்கும். மேல்மட்டத்தில் நீந்தும் மீனைத் தொட்டிக்கு வெளியே எறியும். கீழே பூனை உட்கார்ந்திருக்கிறது.

மூடியைப் பற்றிச் சொல்ல இவ்வளவு சுற்றியதற்குக் காரணம் இதுதான். பூனையின் கை உள்ளே போகாமல் தடுக்கவே மூடி என்று நினைக்கிறோம். மீன் வெளியே வராமல் தடுப்பதும் அதே அளவு முக்கியமான வேலை. ஏர் பம்ப் குழாய்க்காக வெட்டிய மூலை இடைவெளி வழியாகக்கூட ஃபைட்டர் குதித்துவிடும். அதை வலைத்துண்டால் அடையுங்கள். மூடிக்கு எந்தப் பொருள் நல்லது, பூனையின் பாரத்தை எது தாங்கும் என்பதற்கு இந்த வாரம் இடமில்லை. அடுத்த வாரம் கட்டாயம்.

அதுவரை காத்திருக்க முடியாத விஷயம் ஒன்று. நாய்க்கு உண்ணி மருந்து போடும் வீடுகள் கவனிக்க வேண்டும். பெர்மெத்ரின் கலந்த மருந்து மீனுக்குக் கொடிய விஷம், பூனைக்கும் அப்படித்தான். தொட்டி இருக்கும் அறையில் ஸ்பிரே அடிக்காதீர்கள். ஏர் பம்ப் அந்தக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளிவிடும். மருந்து தடவிய கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் தொட்டிக்குள் விடாதீர்கள்.

இன்றே செய்யக்கூடியது: நாயின் படுக்கையைத் தொட்டி ஸ்டாண்டிலிருந்து தள்ளிப் போடுங்கள். வீட்டுக்கு வரும் குழந்தைகளிடம் கண்ணாடியைத் தட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். உள்ளே இருப்பதற்குக் காது கேட்கும்.