உடுவில் பாட்டியின் கொள்ளுப்பேரன்கள்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் ஏரியில் படகு விடுவார்கள், லேடீஸ் சீட்டில் நின்று படம் எடுப்பார்கள், அரைக் கிலோ காபித்தூளோடு இறங்கிவிடுவார்கள். ஹோலி டிரினிட்டி தேவாலயத்தின் பக்கம் எட்டிப் பார்க்கிறவர்கள் குறைவு. 1863இல் பல்லாவரத்தில் ஒரு கல்லாயுதத்தைக் கண்டெடுத்து, இந்தியாவுக்கும் ஒரு பழைய கற்காலம் உண்டு என்று காட்டிய ராபர்ட் புரூஸ் ஃபுட்டின் அஸ்தி அங்கேதான் இருக்கிறது. ஓய்வுக்காலத்தை இந்தச் சேர்வராயன் மலையில் கழித்த அவர், 1912 டிசம்பரில் கல்கத்தாவில் இறந்தார்.

அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன், 1882இல், இதே ஏற்காட்டில் இறந்தவர் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கினாரே, அந்தப் பாதிரியார். கல்லாயுதக்காரருக்கும் பைபிள்காரருக்கும் என்ன சம்பந்தம்? மாமனார், மருமகன். பெர்சிவலின் மகள் எலிசபெத் ஆன்தான் ஃபுட்டின் முதல் மனைவி. அந்தப் பெண்ணை விட்டுவிட்டுப் பார்த்தால், ஒரே மலையில் வாழ்ந்த இரண்டு வெள்ளைக்காரர்கள், அவ்வளவுதான்.

ஆங்கிலேய, அமெரிக்கக் குடும்பங்களின் வம்சாவளி தேடுகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது. கல்யாணத்தன்றே பெண்ணின் குடும்பப்பெயர் ஏடுகளிலிருந்து மறைந்துவிடும். ஹாரியட் லேத்ரப்பின் கதையில் அது நன்றாகவே தெரியும்.

ஹாரியட் 1796இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து நார்விச்சில் பிறந்தவர். 1819 ஜனவரியில் மிஷனரி மைரன் வின்ஸ்லோவை மணந்தார். அதே ஆண்டு ஜூனில் பாஸ்டனில் கப்பலேறினார்கள். ‘இண்டஸ்’ என்ற அந்தக் கப்பலில் டாக்டர் ஜான் ஸ்கடரும் வந்தார். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் இவருடைய பேத்தி. வின்ஸ்லோ தம்பதி யாழ்ப்பாணத்து உடுவிலில் குடியேறினார்கள். 1824இல் ஹாரியட் அங்கே பெண்களுக்கென்று தங்கிப் படிக்கும் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பெண் எழுதப் படிக்கத் தெரிந்துகொண்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஊர் நம்பிய காலம்.

1833 ஜனவரியில், 36 வயதில், ஹாரியட் உடுவிலிலேயே இறந்தார்.

அவரைப் பற்றித் தேடுகிறவருக்குத் தலை சுற்றுவது இதற்குப் பிறகுதான். மைரன் வின்ஸ்லோ மொத்தம் ஐந்து முறை மணந்தவர். ‘திருமதி வின்ஸ்லோ’ என்று ஒரு கடிதத்திலோ அறிக்கையிலோ கண்டால், ஐவரில் எவர் என்று ஆண்டை வைத்துத்தான் முடிவு கட்ட வேண்டும். ஹாரியட்டின் தங்கைகளும் மிஷனரிகளை மணந்து யாழ்ப்பாணம் வந்தார்கள். ஆளுக்கொரு குடும்பப்பெயர்: ஹட்சிங்ஸ், பெர்ரி, செர்ரி. இதில் திருமதி பெர்ரியும் ஒரு ஹாரியட்தான், ஹாரியட் ஜோஆனா. போதாக்குறைக்கு, வின்ஸ்லோவின் ஒரு மகளுக்கும் ஹாரியட் என்றே பெயர். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைத்துக் குழப்புவது நம் ஊர் வழக்கம் மட்டும்தான் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

முன்னோர் பக்கம் பாதை சுலபம். லேத்ரப்புகள் ஜான் லோத்ரப் என்ற பாதிரியாரின் வழிவந்தவர்கள். இங்கிலாந்துத் திருச்சபையை எதிர்த்து லண்டனில் சிறையிருந்துவிட்டு 1634இல் அமெரிக்கா போனவர் அவர். அவருடைய மகன் சாமுவேலின் கிளைதான் நார்விச்சில் வேர்விட்டது. எழுத்து லோத்ரப், லேத்ரப் என்று மாறிக்கொண்டே போனாலும், 1884இல் ஹண்டிங்டன் என்பவர் இந்த வம்சத்துக்கென்றே தடிமனான நூல் ஒன்று போட்டுவிட்டார். அதிபர்கள் கிராண்ட், ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், புஷ் தந்தையும் மகனும்கூட லோத்ரப்பின் சந்ததிதான்.

பின்னோர் பக்கம்தான் ருசியான பகுதி. மகள் ஹாரியட், ஜான் வெல்ஷ் டல்லஸ் என்ற பாதிரியாரை மணந்தார். இருவரும் சில ஆண்டுகள் சென்னையில் பணிசெய்தார்கள். அவர்கள் மகன் ஆலன் மேசி டல்லஸ். இவருடைய பிள்ளைகளில் ஒருவர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ், ஐசனோவரின் வெளியுறவுச் செயலர். இன்னொருவர் ஆலன் டல்லஸ், 1953 முதல் 1961 வரை சி.ஐ.ஏ.வின் இயக்குநர். நேருவின் அணிசேராக் கொள்கை பிடிக்காமல், நடுநிலை என்பதே ஒழுக்கக்கேடு என்கிற அளவுக்கு 1956இல் பேசிய அதே ஜான் ஃபாஸ்டர் டல்லஸுக்கு உடுவில் ஹாரியட் கொள்ளுப்பாட்டி! எள்ளுப்பேரன் ஏவரி டல்லஸோ கத்தோலிக்கராக மாறி, 2001இல் கர்தினாலும் ஆனார். புராட்டஸ்டண்ட் மதத்தைப் பரப்பக் கடல் கடந்து வந்த பாட்டி என்ன சொல்லியிருப்பாரோ!

வின்ஸ்லோ தம்பதி பணிசெய்த அமெரிக்க மிஷன் நம் பக்கத்து வம்சாவளியிலும் முடிச்சு போட்டிருக்கிறது. பள்ளிப் பிள்ளைக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கரின் பெயரை அந்தப் பிள்ளைக்கே சூட்டுவது அந்த மிஷனின் அன்றைய வழக்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவரான கறோல் விசுவநாதபிள்ளையின் ‘கறோல்’ இப்படி வந்ததுதான். பெயரைப் பார்த்து இரத்த உறவு தேடினால் ஏமாந்துபோவீர்கள்.

தேடல் எங்கே தொடங்கும்? சென்னை மாகாணத்துத் தேவாலய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அமெரிக்க மிஷனின் கடிதங்கள் ஹார்வர்டின் ஹவ்டன் நூலகத்தில். கல்லறை வாசகங்களுக்கு ஜே.ஜே. காட்டன் 1905இல் தொகுத்த சென்னை மாகாணப் பட்டியல் இன்னும் கைகொடுக்கிறது.

மைரன் வின்ஸ்லோவைத் தமிழுலகம் 1862இல் வந்த தமிழ்-ஆங்கில அகராதிக்காக நினைவில் வைத்திருக்கிறது. ஹாரியட்டின் பள்ளி உடுவில் மகளிர் கல்லூரியாக வளர்ந்து, 2024இல் இருநூறு ஆண்டை எட்டியது.

அடுத்த முறை ஏற்காட்டுக்குப் போனால் பழைய கல்லறைகள் பக்கமும் ஒரு நடை போய் வாருங்கள். கல்லில் பெரிய எழுத்தில் இருக்கும் கணவர் பெயரோடு கேமராவை மூடிவிடாதீர்கள். கீழே பாசிக்கு நடுவே ‘இன்னாரின் மகள்’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தால், அதையும் சேர்த்து எடுங்கள்.