தொலைபேசியும் ஏழையின் மனுவும்

ஏழைக் குடியானவன் ஒருவன் தன் குறையைச் சர்க்காரிடம் தெரிவிக்க விரும்பினால், ஒரு நாட்கூலியை இழந்து, கச்சேரி வாசலில் காத்து நின்று, உத்தியோகஸ்தர் வெளியே போயிருக்கிறார் என்ற செய்தியைக் கேட்டு வீடு திரும்புவதே நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். இந்தக் கஷ்டத்தைக் குறைக்கும் பொருட்டு 2016-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் தமிழ்நாட்டுச் சர்க்கார் 1100 என்னும் தொலைபேசி எண்ணை ஏற்படுத்தினர். 2021-ம் வருஷத்தின் தொடக்கத்தில் அ.தி.மு.க. மந்திரிசபை அதை விரிவாக்கி அமைத்தது. அவ்வருஷமே பதவியேற்ற தி.மு.க. மந்திரிசபையும் அதே எண்ணைக் கைக்கொண்டு நடத்தியது. கட்சி மாறியும் எண் மாறாதிருந்தது நல்ல காரியமே. அதைப் பாராட்டுவதில் நமக்குத் தயக்கமில்லை. ஆனால் ஒரு கேள்வியை நாம் கேட்க வேண்டியிருக்கிறது. மனுக் கொடுப்பது எளிதாயிற்று. மனு விசாரிக்கப்படுவதும் அவ்வாறு எளிதாயிற்றா?

திருநாவலூரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 2019-ம் வருஷம் விழுப்புரம் ஜில்லாவிலிருந்து பிரிந்து தோன்றிய கள்ளக்குறிச்சி ஜில்லாவில், உளுந்தூர்ப்பேட்டைத் தாலூகாவைச் சேர்ந்தது இவ்வூர். ஊராட்சி ஒன்றியம் ஒன்றின் தலைமையிடமும் இதுவே. ஆகவே வீடு கட்டும் திட்டங்களைப் பற்றி விசாரிக்க உள்ளூரிலேயே ஒன்றியக் கச்சேரி உண்டு. ஆனால் முதியோர் உதவித்தொகைக்கும் பட்டாவுக்கும் உளுந்தூர்ப்பேட்டைத் தாலூகா கச்சேரிக்குச் செல்ல வேண்டும். அங்கும் காரியம் நடவாவிட்டால் திங்கட்கிழமையன்று கள்ளக்குறிச்சியில் கலெக்டரிடம் மனுக் கொடுக்க வேண்டும். குடிசையில் வாழும் ஒரு கைம்பெண்ணுக்கு வீடும் வேண்டும், உதவித்தொகையும் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய வறுமை ஒன்றே. அதைச் சொல்லிக்கொள்ள வேண்டிய வாசல்களோ மூன்று.

இம்மூன்று வாசல்களுக்கும் பதிலாக ஒரே எண் என்பதே 1100-இன் சிறப்பு. அவள் கூப்பிடுகிறாள். மறுமுனையில் இருப்பவர் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்கிறார். மனு எண் ஒன்று குறுஞ்செய்தியாக வருகிறது. மனு இலாகாவுக்கு இலாகா இறங்கி, கடைசியில் எந்த மேஜையில் அவளுடைய காரியம் தடைப்பட்டதோ அதே மேஜையை வந்து சேருகிறது. அந்த உத்தியோகஸ்தர் முன்பு என்ன காரணத்தால் மறுத்தாரோ, அதையே மீண்டும் ஒரு வரியில் எழுதி மனுவை முடித்துவிட்டால், கணக்கில் அது பைசலான மனுவாகிறது. குறை கூறப்பட்டவரே குறைக்கு முடிவெழுதுவது எந்த நியாயத்தில் சேர்ந்தது? அவரை அயோக்கியர் என்று நாம் சொல்லவில்லை. தம் தீர்ப்பைத் தாமே மறுபரிசீலனை செய்யும்படி யாரை வைத்தாலும் இதுவே நடக்கும்.

வீட்டு விஷயத்தில் இதன் பலனைத் தெளிவாகக் காணலாம். 2016-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டத்திற்கு ஆதாரமாய் இருந்தது 2011-ம் வருஷத்துச் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பு. சமவெளிப் பிரதேசங்களில் வீடு ஒன்றுக்கு 1,20,000 ரூபாய் எனத் தொகை விதித்தனர். பணம் ஒரே தவணையில் வருவதில்லை. வேலை ஒவ்வொரு கட்டத்தை எட்டியதும் படம் எடுத்து அனுப்பினாலே அடுத்த தவணை. 2024-ல் மாகாண சர்க்கார் அறிவித்த கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் தொகை 3,50,000 ரூபாய்; 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் கட்டிக் குடிசையில்லாத தமிழகம் காண்பது நோக்கம். ஆனால் குடியிருக்கும் மனைக்குப் பட்டா வேண்டும் என்பது நிபந்தனை. புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவன் வீட்டுக்கு மனுச் செய்தால், பட்டா இல்லை என்று ஒன்றியக் கச்சேரி மறுக்கிறது. அது விதிப்படி சரியே. ஆனால் அவனுக்கு முதலில் வேண்டியது வீட்டு மனுவன்று, பட்டா மனு. அதைத் தாசில்தாரிடம் செய்ய வேண்டும் என்று அவனுக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பு யாருடையது?

பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15-ந் தேதி தொடங்கிற்று. அப்போது மனுச் செய்தவர்கள் சுமார் 1 கோடியே 63 லட்சம் பேர். ஏற்கப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 6 லட்சம் பேர். ஏனையோருக்குக் காரணம் குறுஞ்செய்தியாக அனுப்பப்பட்டது. 30 நாட்களுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்துகொள்ளலாம் என்றும் அறிவித்தனர். காரணமும் கெடுவும் கூறியது முறையான செயல். ஆயினும் எழுத்தறியாத தாய்க்கு, மகனுடைய கைபேசிக்கு வந்த ஒரு வரி என்ன பயன் தரும்? கெடு முடிந்த பிறகே பலர் காரணத்தை அறிவார்கள் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை.

திருநாவலூருக்கு ஓலையும் வழக்கும் புதியனவல்ல. சுந்தரமூர்த்தி நாயனார் அவதரித்த ஊர் இது. மணப்பந்தலில் வந்து நின்ற முதிய வேதியர், பாட்டனார் எழுதித் தந்த ஓலையைக் காட்டி நம்பியாரூரரைத் தமக்கு அடிமை என்று வழக்கிட்டதும், அவ்வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் விசாரிக்கப்பட்டதும் பெரிய புராணத்தில் விரித்துரைக்கப்பட்டிருக்கின்றன. அடியார்கள் இதில் இறைவன் தடுத்தாட்கொண்ட அருளைக் காண்பர். நாம் இங்கே அச்சபையின் நடைமுறையை மட்டும் கவனிப்போம். வாதியும் பிரதிவாதியும் நேருக்கு நேர் நின்றனர். கிழிக்கப்பட்டது படியோலை என்று கூறி மூலவோலை காட்டப்பட்டது. பாட்டனாரின் கையெழுத்தை அவர் எழுதிய வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சபையார் தீர்ப்புக் கூறினர். திருநாவலூரார் வழக்கில் தோற்றார். ஆனால் ஏன் தோற்றார் என்பதைத் தம் கண்ணாலேயே கண்டார். அந்த மரியாதையைத்தான் இன்று அவ்வூர்க் கைம்பெண்ணுக்கும் நாம் கேட்கிறோம்.

மனுக்கள் மிகுதி, சிப்பந்திகள் குறைவு, ஒவ்வொருவரையும் அழைத்து விசாரிப்பது ஆகிற காரியமா என்று உத்தியோகஸ்தர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. இதற்குப் பீஹார் மாகாணம் பதிலளித்திருக்கிறது. 2015-ல் சட்டம் இயற்றி, 2016 ஜூன் 5-ந் தேதி முதல் அம்மாகாணம் அதை அமலுக்குக் கொண்டுவந்தது. குறை கேட்பதற்கென்றே தனி அதிகாரிகள் நியமிக்கப்பட்டனர். மனுதாரரும், குறை கூறப்பட்ட இலாகாவின் பிரதிநிதியும் அவர் முன்னிலையில் நேரில் நின்று பேச வேண்டும். 60 வேலை நாட்களுக்குள் முடிவு கூற வேண்டும். முடிவில் திருப்தியில்லையேல் மேல்முறையீடும் உண்டு. நம்மை விட ஏழ்மையான மாகாணம் செய்யத் துணிந்ததை நாம் செய்ய இயலாது என்று சொல்வது நமக்குப் பெருமையாகாது.

இன்னொரு விஷயமும் உண்டு. குறையை எழுதிக்கொள்வது வேறு. வழி சொல்லிக் கொடுப்பது வேறு. இங்கிலாந்தில் இரண்டாவது உலக யுத்தம் மூண்ட மறுநாள், 1939 செப்டம்பர் 4-ந் தேதி, பிரஜைகளுக்கு ஆலோசனை கூறும் நிலையங்கள் திறக்கப்பட்டன. அவை சர்க்கார் கச்சேரிகள் அல்ல. தொண்டர்களே பெரும்பாலும் நடத்தினர். 1966-ல் தோன்றிய ஷெல்டர் என்னும் சங்கம் வீடிழக்கும் நிலையில் உள்ளவர்களுக்குத் தொலைபேசியில் யோசனை கூறுகிறது. வீடற்றோருக்கு ஸ்தல ஸ்தாபனங்கள் உதவியாக வேண்டும் என்று 1977-ல் அந்நாட்டில் சட்டம் பிறந்தது. தொலைபேசியில் பேசும் தொண்டர் எந்தச் சட்டத்தின் எந்த விதி மனுதாரருக்குத் துணை என்பதைச் சொல்ல முடிகிறது. அங்கும் வீடற்றோர் இல்லாமற் போகவில்லை. ஆனால் கேட்பவர் பக்கத்தில் நின்று பேச ஒருவர் உண்டு.

நம் நாட்டில் இதற்கு வித்து இல்லாமலில்லை. தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 15100 என்னும் எண்ணை நடத்துகிறது. 1987-ம் வருஷத்துச் சட்டப்படி பெண்கள், தாழ்த்தப்பட்ட வகுப்பினர், பழங்குடியினர், ஊனமுற்றோர் ஆகியோருக்கு வருமானத்தைப் பாராமலே இலவச சட்ட உதவி உண்டு. 2021-ல் நாடெங்கும் விரிந்த 14567 என்னும் எண் முதியோருக்கு உதவித்தொகை முதலிய விஷயங்களில் வழி கூறுவதற்கென ஏற்பட்டது. கல்வராயன் மலையில் வாழும் மலைவாசிக்கும், திருநாவலூர்ச் சேரியில் வாழும் கூலிக்காரிக்கும் இவை உரியவை. இந்த எண்கள் ஒவ்வோர் ஒன்றியக் கச்சேரியின் சுவரிலும், ஒவ்வொரு ரேஷன் கடையிலும் பெரிய எழுத்தில் எழுதப்பட வேண்டாமா?

ஆகவே சர்க்காருக்கு நாம் கூறுவது மூன்று. முதலாவது, மறுத்த உத்தியோகஸ்தரே மனுவை முடிக்கலாகாது. அவருக்கு மேற்பட்டவரோ தனி அதிகாரியோ முடிக்க வேண்டும். இரண்டாவது, மனுவை மறுக்குமுன் மனுதாரரைத் தொலைபேசியில் அழைத்து, காரணத்தையும் அடுத்து அவர் செய்ய வேண்டியதையும் தமிழில் விளங்கச் சொல்ல வேண்டும். கெடு அந்த நாளிலிருந்தே தொடங்க வேண்டும். மூன்றாவது, இவற்றைக் கருணையாக வைக்காமல் சட்டமாக்க வேண்டும்.

தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு மாலை, ஊர்ச் சாவடியில் ஒரு கைபேசியும் ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்துக்கொண்டு உட்காருங்கள். வருவோரின் மனு எண், தேதி, கிடைத்த பதில், மேல்முறையீட்டுக் கெடு ஆகியவற்றை எழுதி வையுங்கள். ஒரே காரணத்தால் இருபது பேர் மறுக்கப்பட்டிருப்பது அந்தப் புத்தகத்தில் தெரிந்துவிடும். தனித்தனியே இருபது குறைகளாக இருந்தது அப்போது ஊரின் கோரிக்கையாகும். அதை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போவதே உங்கள் கடமை.