தொனி குற்றமாகுமா?

ஒசூர் சிப்காட் பகுதித் தொழிலாளர்கள் சிலர், தங்களுக்கு வரும் ஆங்கிலக் குறிப்பாணைகளுக்கு என்னிடம் பொருள் கேட்பதுண்டு. அண்மையில் அப்படி வந்த ஒன்றில் நான் கண்ட சொல் 'கர்ட்'. மேற்பார்வையாளரின் கேள்விக்குத் தொழிலாளி 'கர்ட்' ஆன தொனியில் பதிலளித்தார் என்பதே குற்றச்சாட்டு. அவர் சொன்ன பதில் என்ன என்பது மட்டும் அதில் இல்லை.

'வெட்டிக் குறைக்கப்பட்ட' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது இந்தப் பெயரடை. ஆனால், சுருக்கமான பேச்செல்லாம் 'கர்ட்' ஆகிவிடாது. வீண் சொற்களைத் தவிர்க்கும் பேச்சை 'கன்சைஸ்' என்று ஆங்கிலம் பாராட்டும். கேட்பவர் மனம் நோகும் அளவுக்குச் சுருக்கம் கடுமையானால்தான் அது 'கர்ட்'. தமிழில் 'வெடுக்கென்று', 'முகத்திலடித்தாற்போல்' என்பவை இதற்கு நெருக்கமானவை. அதேசமயம், ஒளிவுமறைவின்றிப் பேசுபவரை 'வெட்டு ஒன்று, துண்டு இரண்டு' என்று பேசுபவராக நாம் மெச்சுவதும் உண்டு.

ஆக, இந்தச் சொல் இரு செய்திகளை ஒன்றாகக் கட்டித் தருகிறது. பதில் குறுகியது என்பது ஒன்று. அது புண்படுத்தியது என்பது மற்றொன்று. முன்னதை எவரும் சரிபார்க்கலாம். பின்னதற்குக் கேட்டவரின் செவியே சாட்சி.

கர்நாடக எல்லையை ஒட்டிய இந்தப் பகுதியில் இந்த வேறுபாடு முக்கியமானது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகியவை நெடுங்காலமாகப் புழங்கும் மண் இது. வடமாநிலத் தொழிலாளர்களின் மொழிகளும் இப்போது சேர்ந்துள்ளன. நம் மொழிகளில் மரியாதை பெரும்பாலும் வினைச்சொல்லின் இறுதியில் வருகிறது. தமிழில் 'வா', 'வாங்க'. கன்னடத்தில் 'பா', 'பன்னி'. தெலுங்கில் 'ரா', 'ரண்டி'. எந்திர இரைச்சலுக்கிடையே புதிய மொழியைக் கற்பவருக்கு முதலில் வசப்படுவது வேர்ச்சொல். மரியாதை விகுதி பிறகுதான் வரும். அவர் 'முடியாது' என்று மட்டும் சொன்னால், அது திமிராக இல்லாமல் சொற்பஞ்சமாகவும் இருக்கலாம். உரத்துச் சொன்னதற்கு இரைச்சலும் காரணமாகலாம்.

உச்சநீதிமன்றம் இதை 1982-ஆம் ஆண்டிலேயே உணர்த்தியிருக்கிறது. ரமாகாந்த் மிஸ்ரா எதிர் உத்தர பிரதேச அரசு வழக்கு, முறையற்ற, மிரட்டும் தோரணையிலான பேச்சுக்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டவரைப் பற்றியது. குரலின் ஏற்ற இறக்கம் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதால், மிரட்டும் தோரணை என்பது கேட்டவரின் சொந்த முடிவே என்றது நீதிமன்றம். அதற்கு முன் குற்றம் ஏதும் இல்லாத நிலையில், பேச்சைத் தொடர்ந்து செயல் எதுவும் நிகழாத நிலையில், ஒருமுறை பேசியதற்காகப் பணிநீக்கம் கூடாது என்றும் கூறியது. பேச்சு சரியென்று அது சொல்லவில்லை. குறைந்த தண்டனை போதும் என்றே தீர்ப்பளித்தது.

மேற்பார்வையாளருக்கும் மானம் உண்டு. வசவைப் பொறுத்துக்கொள்ளும்படி அவரிடம் யாரும் கேட்க முடியாது. ஆனால், பேசப்பட்ட சொற்களை, பேசிய மொழியிலேயே, நேரமும் இடமும் குறித்து எழுதுவதே அதற்கான வழி. அப்போதுதான் தொழிலாளி 'நான் அவ்வாறு சொல்லவில்லை' என்றோ, 'சொன்னேன், காரணம் இது' என்றோ விளக்கமளிக்க இயலும். தொனியை மட்டும் குற்றமாக்கினால், அவர் தரும் மறுப்பும் 'கர்ட்' என்றே கருதப்படக்கூடும்.

எனவே, இத்தகைய குறிப்பாணையைப் பெறுபவர் பணிவுடன், எழுத்து மூலம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'நான் கூறியதாகச் சொல்லப்படும் சொற்கள் எவை?'