வினையைச் சொல்லும் இடம்

வினை என்பது தமிழின் மிகப் பழைய சொற்களுள் ஒன்று. செயல் என்பதே அதன் முதற்பொருள். இலக்கண ஆசிரியர் பெயர், வினை என இரண்டினையும் சொல்லின் பெரும்பிரிவுகளாக வைத்தனர். சமய ஆசிரியர் செயலையும் அதன் பயனையும் ஒருசேர வினை என்றனர். வடமொழியிலும் கருமம் என்னும் சொல் முதற்கண் செயலையே குறித்தது. இன்றோ, 'எல்லாம் கருமம்' என்று ஒருவர் பெருமூச்செறியும்போது, இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பதே அவர் கருத்தாக இருக்கின்றது. செயலைக் குறித்த சொல் செயலின்மைக்குப் பெயராகிவிட்டது. இம்மாற்றத்தின் தன்மையை அறிந்தாலன்றி, வினையை உணர்ந்து வாழ்தல் யாது என்பது விளங்காது.

மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களிலும் சிற்றூர்களிலும் இச்சொல்லுக்கு இனமான சொற்கள் பல வழங்குகின்றன. தலையெழுத்து, தலைவிதி, கொடுப்பினை என்பன அவற்றுட் சில. அண்டை வீட்டு மலாய்க்காரர் கூறும் 'நசிப்' என்பதும் தோட்டத்துப் பேச்சில் கலந்துவிட்டது. மழையால் வெட்டு நின்று சம்பளம் குறைந்தாலும், பிள்ளை படிப்பிற் பின்தங்கினாலும், ஒரு பெண் இளவயதிற் கணவனை இழந்தாலும் கூறப்படும் காரணம் ஒன்றே. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் கூறுவது எதற்கும் காரணம் கூறாமைக்கு ஒப்பாகும்.

சொற்களின் வேறுபாடு

திருக்குறளுக்கு உரைவகுத்த பரிமேலழகர் ஊழ், பால், முறை, உண்மை, தெய்வம், நியதி, விதி என்னும் ஏழினையும் ஒருபொருட் சொற்களாகக் காட்டுவர். எனினும், ஒவ்வொன்றும் பிறந்த இடம் வேறு. ஊழ்த்தல் என்பதற்கு முதிர்தல், மலர்தல் என்னும் பொருள்கள் உண்டு. ஆதலின் ஊழ் என்பது காலம் வந்து கனிந்த வினை எனக் கொள்ளலாம். விதி என்பது கட்டளை. தலையெழுத்து என்பதோ பிரமன் எழுதியது. வினை என்னும்போது செய்தவன் தானே. தலையெழுத்து என்னும்போது எழுதியவன் வேறொருவன். முன்னது பொறுப்பினை உணர்த்தும். பின்னது பொறுப்பினை நீக்கும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதே குழப்பத்திற்கு வித்தாயிற்று.

எல்லாம் முன்னரே முடிவாகிவிட்டன, முயற்சியால் யாதும் ஆகாது என்ற கொள்கை பண்டை நாளிலும் இருந்தது. மற்கலி கோசாலரை ஆசிரியராகக் கொண்ட ஆசீவகரே அதனைக் கூறினர். நியதி என்பது அவர்தம் கொள்கையின் அடிப்படை. சமணரும் பௌத்தரும் அதனை மறுத்தனர். தமிழில் நீலகேசி என்னும் சமண நூல் ஆசீவக வாதத்தை மறுப்பதற்கெனத் தனிப் பகுதியே வகுத்துள்ளது. பௌத்தர் எண்ணத்தையே வினையெனக் கொண்டனர். சமணர் வினையை உயிரின்மேற் படியும் நுண்பொருள் என்றனர். சைவர் அதனை மும்மலங்களுள் ஒன்றாக வைத்து, வினை அறிவற்றதாதலின் அதன் பயனைக் கூட்டுவிக்க இறைவன் வேண்டும் என்றனர். தம்முள் இவ்வளவு மாறுபட்ட மூவரும், மனிதன் முயலவேண்டும் என்பதில் ஒருமித்து நின்றனர். எனவே, 'தலையெழுத்து அவ்வளவுதான்' என்று சோர்ந்து அமர்வோர், தாம் சைவ நெறியைக் கூறுவதாக எண்ணினும், உண்மையில் ஆசீவகர் கொள்கையையே அறியாமல் எடுத்தாளுகின்றனர்.

மூவகை வினை

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களாக அமைத்த சிவஞான போதமும், அதன் வழிவந்த நூல்களும் தமிழ்ச் சைவ சித்தாந்தத்திற்கு அடிப்படை. அந்நெறியில் வினை மூவகைப்படும். பண்டு ஈட்டிக் குவிந்து கிடப்பது சஞ்சிதம். அக்குவியலினின்று இப்பிறவியில் நுகர்ச்சிக்கு வந்தது பிராரத்தம். நுகரும்போதே புதிதாக ஏறுவது ஆகாமியம். இம்மூன்றினையும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விளக்கப் பால்மரத்தினும் சிறந்த கருவி இல்லை.

மலாக்கா மாநிலம் இந்நாட்டு ரப்பர்த் தொழிலின் தொட்டில். 1896ஆம் ஆண்டு புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்பவர் வாணிகத்திற்கென ரப்பர் நட்டார். பின்னர்ப் புக்கிட் அசகானில் அது பெருந்தோட்டமாக விரிந்தது. நட்ட மரம் வெட்டுக்கு வர ஆறேழு ஆண்டுகள் செல்லும். பட்டைக்கு உள்ளே, கட்டையை ஒட்டி, மரம் வளர்வதற்குரிய மெல்லிய படலம் ஒன்று உண்டு. அதனைத் தொடாமல், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையேனும் எஞ்சும்படி சீவுவதே நல்ல வெட்டு. உளி ஆழப் பதிந்து அப்படலத்தைக் கீறினால் மரத்திற்குக் காயம் உண்டாகும். அன்றைக்குக் கேடு ஒன்றும் தெரியாது. ஆழ வெட்டியதனால் பால் மிகுதியாகவும் வடியலாம். ஆனால், காயத்தின்மேல் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். பல ஆண்டுகள் கழித்து அப்பக்கம் மறுபடியும் வெட்டுக்கு வரும்போது, உளி அம்மேடுகளில் தடுக்கும், பாலும் குறையும்.

மரம் முழுவதும் படிந்துள்ள பழைய தழும்புகள் சஞ்சிதத்தைப் போன்றவை. இன்றைய வெட்டில் எதிர்ப்படும் தழும்பு பிராரத்தத்தைப் போன்றது. இன்று உளியைப் பிடிக்கும் முறை ஆகாமியத்தைப் போன்றது. முதலிரண்டும் வெட்டுபவர் கையில் இல்லை. மூன்றாவது முழுவதும் அவர் கையில் உள்ளது. தழும்பினைக் கண்டு சினந்து உளியை அழுத்தினால் இன்னொரு காயம் விளையும். தழும்பினை அறிந்து கையைத் தாழ்த்தி வெட்டினால் வருங்காலத்துப் பட்டை பிழைக்கும். வந்த துன்பத்தை விருப்பு வெறுப்புடன் நுகரும்போதே புதுவினை ஏறுகின்றது என்று சித்தாந்திகள் கூறுவதன் கருத்து இதுவே. இன்பம், துன்பம் என்னும் இரண்டிலும் உள்ளம் ஒரு நிலையில் நிற்றலை அவர்கள் இருவினையொப்பு என்றனர்.

இவ்வுவமைக்கு ஓர் எல்லையும் உண்டு. மரத்தில் காயம் வைத்தவர் ஒருவர். பின்னாளில் தடுக்கப்படுபவர் வேறொருவராகலாம். வினை செய்தவனையே சேரும் என்பது சமயநூல் முடிபு. உலகியலிலோ பிறர் செய்த தவற்றின் பயனையும் மனிதர் சுமக்கின்றனர். துன்புறும் ஒருவனைப் புறத்தே நின்று காண்பவர்க்கு, அத்துன்பம் யாருடைய உளியால் வந்த தழும்பு என்பது தெரியாது. இவ்வறியாமையை ஒப்புக்கொள்வதே வினைக்கொள்கையைக் கையாளுவதில் முதற் பாடம்.

வள்ளுவர் காட்டும் அளவு

வள்ளுவர் ஊழ் என்னும் அதிகாரத்தை முப்பத்தெட்டாவதாக, அறத்துப்பாலின் இறுதியில் வைத்தார். ஊழினும் வலியது யாது என அங்கே வினவுகின்றார். பொருட்பாலில் அறுபத்திரண்டாம் அதிகாரமாகிய ஆள்வினையுடைமையிலோ, தளராது முயல்பவர் ஊழையும் புறங்காண்பர் என்கின்றார். தெய்வத்தால் ஆகாததாயினும் முயற்சி உடல் வருந்திய அளவுக்குக் கூலி தரும் என்றும் உறுதி கூறுகின்றார். இது முரண்போலத் தோன்றும். ஆயின், ஊழ் என்பது வந்ததன் வலிமையைக் கூறும் அதிகாரம்; ஆள்வினை என்பது வரவேண்டியதன்பொருட்டுச் செய்வதைக் கூறும் அதிகாரம். பிராரத்தமும் ஆகாமியமும் தனித்தனி இடங்களில் பேசப்படுகின்றன என்று கொண்டால் முரண் நீங்கும். இரண்டிடத்தும் 'வினை'ச் செய்தி இருத்தலை ஆசிரியர் மாணவர்க்குச் சுட்டிக் காட்டலாம்.

இங்கு முப்பத்தேழாம் குறள் தனியே எண்ணத்தக்கது. பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் ஊர்பவனையும் வைத்து அறத்தின் வழியைப் பேசும் குறள் அது. அறத்தின் பயனை நூலால் உணர்த்த வேண்டா, அவ்விருவரிடையே கண்கூடாகக் காணலாம் என்பது பரிமேலழகர் உரை. அவ்விருவரையும் காட்டி, இதுவே அறத்தின் வழி என்று சொல்லவேண்டா என்று பொருள் கொள்வாரும் உளர். இவ்விரண்டாம் பொருளுக்கு வள்ளுவரிடமே துணை உண்டு. இரந்துதான் உயிர்வாழ வேண்டுமெனில், உலகைப் படைத்தவனே அலைந்து கெடுவானாக என்று இரவச்சத்தில் அவர் சீறுகின்றார். இரப்பவனைப் பார்த்து, 'உன் பழவினை' என்று அவர் கூறவில்லை.

சிலப்பதிகாரம் ஊழ்வினை வந்து பயனூட்டும் என்பதைத் தன் மூன்று உண்மைகளுள் ஒன்றாகக் கொண்ட காப்பியம். கோவலன் முற்பிறப்பிற் செய்த தீவினையை மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு எடுத்துரைக்கின்றது. ஆனால், அவ்வுரை வருவது எப்பொழுது? கண்ணகி அரசவையில் வழக்குரைத்து, நீதி நிலைநாட்டப்பட்ட பின்னர். பாண்டியன், 'கோவலன் வினை கோவலனைக் கொன்றது' என்று கூறித் தப்பவில்லை. தானே கள்வன் என்று தன்மேல் ஏற்று உயிர்விட்டான். ஊழை நம்பிய காப்பியமே, தவறு செய்தவன் ஊழின் பின்னே ஒளிவதற்கு இடந்தரவில்லை.

தன்மை, முன்னிலை, படர்க்கை

இலக்கணத்தில் வினைமுற்றுக்கு இடம் மூன்று. வினைக்கொள்கைக்கும் அவ்விடங்கள் பொருந்தும். 'என் வினை' என்பது தன்மை. அது ஒருவனைத் தன் செயலை எண்ணிப் பார்க்கச் செய்யும்; பிறரைப் பழிக்காமல் பொறுக்கவும், திருந்தவும் வழிகாட்டும். 'உன் வினை' என்னும் முன்னிலை, துன்புறுவோர்மேல் மற்றொரு துன்பத்தை ஏற்றும். 'அவர்கள் வினை' என்னும் படர்க்கை, உதவவேண்டிய கையை மடக்கிக்கொள்வதற்கு ஒரு சாக்காகும். ஒரே கொள்கை தன்மையில் நிற்கும்போது அறமாகவும், ஏனை இடங்களில் அறமல்லாததாகவும் மாறுகின்றது. பிறர் துன்பத்தைக் கண்டவிடத்து எழவேண்டிய வினா, 'இவர் என்ன செய்தார்?' என்பதன்று, 'நாம் என்ன செய்யவேண்டும்?' என்பதே. அவ்விடத்தில் உதவாமல் அகல்வதும் ஒரு வினையே. அதன் பயன் அகன்றவரைச் சேரும்.

மலாயாத் தமிழர் வரலாறு இதற்குச் சான்று. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுற்ற பின்னரும், கங்காணி முறை 1938வரை ஆட்களைக் கொணர்ந்தது. முன்பணக் கடனோடு வாழ்வு தொடங்கியவர் பலர். 1942, 1943ஆம் ஆண்டுகளில் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழருள் பல்லாயிரவர் மாண்டனர். அவர்களை இழந்த குடும்பங்கள் 'விதி' என்று கூறி மனத்தைத் தேற்றிக்கொண்டிருப்பின், அஃது ஆற்றாமையில் பிறந்த ஆறுதல். அதனைக் குறைகூற எவர்க்கும் உரிமை இல்லை. ஆனால், அக்கொடுமையை அவர்தம் வினைப்பயன் என்று பிறர் விளக்கினால், அடித்து ஓட்டியவர்கள் கணக்கிலிருந்து நழுவிவிடுகின்றனர்.

ஆள்வினைக்கும் அவ்வரலாற்றிலேயே சான்று உண்டு. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் ஆங்கிலேயர் தோட்டங்கள் பல துண்டாடி விற்கப்பட்டன. தொழிலாளர் வேலையையும் குடியிருப்பையும் ஒருங்கே இழந்தனர். துண்டாடல் அவர்கள் கையில் இல்லை. ஆயினும், துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தபோது, பால்வெட்டுத் தொழிலாளர் மாதம் பத்து வெள்ளி செலுத்திப் பங்குதாரராயினர். 1961இல் கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் அச்சங்கத்தின் முதல் தோட்டமாயிற்று. வந்ததை மாற்ற இயலாதவர் வருவதை மாற்றினர். வினையை உணர்ந்து வாழ்தல் என்பதற்கு இதனினும் தெளிவான உரை வேண்டுவதில்லை.

விழிப்புடன் வாழும் முறை

அன்றாட வாழ்வில் இதனைக் கைக்கொள்ளுதல் அரிதன்று. ஒரு துன்பம் வந்தவுடன் அதனை இரு கூறாகப் பிரித்தல் வேண்டும்: வந்தது எவ்வளவு, இனிச் செய்யக்கூடியது எவ்வளவு என்று. முன்னதன்மீது பொறுமையும் பின்னதன்மீது முயற்சியும் செலுத்தப்படவேண்டும். இடம் மாறினால் இரண்டும் கெடும். தீர்க்கக்கூடியதன்மேல் பொறுமை காட்டுதல் சோம்பல். தீராததன்மேல் முயற்சியைச் செலவிடுதல் வீண்.

செங் வட்டாரத்துச் சன்னாசிமலையில் மாசிமகத்தன்று காவடி எடுப்போரும், மலாக்கா நகரில் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலில் தேங்காய் உடைப்போரும் தம் நேர்த்திக்கடனை இவ்வகையில் எண்ணிப் பார்க்கலாம். நோன்பிருந்த நாட்களில் அடங்கிய நாவும் தவிர்த்த குடியும் விழா முடிந்த பின்னரும் தொடருமாயின், நேர்த்திக்கடன் ஆகாமியத்தைத் திருத்தியதாகும். தொடரவில்லையெனில், பழைய கணக்கைத் தள்ளுபடி செய்ய இறைவனிடம் பேரம் பேசியதாகவே முடியும்.

வகுப்பறையில்

தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டத்தில் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், திருக்குறள், பழமொழிகள் ஆகியவை செய்யுளும் மொழியணியும் என்னும் பகுதியில் இடம்பெறுகின்றன. வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்னும் பழமொழியைக் கற்பிக்கையில், தவறு செய்து அடிபட்ட சிறுவனை எடுத்துக்காட்டாகக் கூறுவது எளிது. ஆனால், கேட்கும் பிள்ளைகளுள் தாயை இழந்தவனும், தந்தையின் குடியால் வாடுபவளும் இருக்கலாம். அப்பிள்ளை பழமொழியைத் தன்மேற் பொருத்தித் தன்னையே குற்றவாளியாகக் கருதும். ஆதலின், விதைத்தலைப் பற்றியே பேசுக. அறுத்தலைக் கொண்டு ஆளை அளவிடாதே என்பதையும் உடன் கற்பிக்க வேண்டும். பயனிலிருந்து வினையை ஊகித்தல் பிழை. வினையைத் தேர்ந்து செய்தலே பாடம்.

ஆசிரியர் தம் நாவையும் காக்கவேண்டும். 'இவன் தலையில் எழுதியது அவ்வளவுதான்' என்னும் சொல் ஆசிரியர் அறையில் பிறந்தால், அது வகுப்பறையில் மெய்யாகிவிடும். பலகையில் உள்ள எழுத்துத் தெரியாத சிறுவனுக்கு வேண்டியது கண் பரிசோதனை. பிறப்புப் பத்திரமின்றிச் சேர்க்கைக்குத் தயங்கும் பிள்ளைக்கு வேண்டியது, பதிவிலாகாவுக்கு உடன்செல்ல ஒருவர். எழுத்துக் கூட்டத் தடுமாறும் நான்காம் ஆண்டு மாணவிக்கு வேண்டியது, நாள்தோறும் அரைமணி நேரம். இவற்றுள் எதுவும் பிரமன் எழுதியதன்று. எழுதப்படாத ஒரு பாரத்தையோ, செய்யப்படாத ஒரு கடமையையோ சார்ந்தது.

மலாக்காவின் பால்மரங்கள் பல இன்று செம்பனைக்கும் குடியிருப்புக்கும் இடந்தந்து மறைந்துவிட்டன. அவற்றை வெட்டியவரின் பேரர் நகரத்துத் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் பணி செய்கின்றனர். பழந்தழும்புகளுட் சில அவர்களையும் தொடர்ந்து வந்துள்ளன. அவற்றைச் சுட்டிக்காட்டி, இது யார் வினை என வழக்காடுவதற்கு அறிஞர் இருக்கலாம். இன்றைய உளி எவ்வாறு பிடிக்கப்படுகின்றது என்று கவனிப்பதற்கோ ஒவ்வொருவரும் தாமே வேண்டும். வினை என்னும் சொல்லைத் தன்மையில் மட்டும் வழங்குவோம் என்று தமிழாசிரியர் உறுதி கொண்டால், அச்சொல் இழந்த பொருளாகிய செயலை அதற்கு மீட்டுத் தந்தவராவர்.