கடைப் பெயர் யாருடைய பெயரில் இருக்கிறது?

எங்கள் வாப்பாவும் சாச்சாவும் சேர்ந்துதான் புடவைக்கடையைத் தொடங்கினார்கள். முதலும் பாதிப் பாதி, உழைப்பும் பாதிப் பாதி. ஆனால் வியாபாரப் பெயரைப் பதியப் பிரதேச செயலகத்துக்குப் போன நாளில் சாச்சா சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தார். வாப்பா தனி உரிமையாளராகக் கையெழுத்து வைத்துவிட்டு வந்துவிட்டார். "பிறகு சேர்த்துக்கொள்வோம்" என்றாராம். இருபத்திரண்டு வருடங்களாக அந்தப் 'பிறகு' வரவில்லை. வாப்பா மௌத்தான பின்னர், கடைக் கணக்கிலிருந்து பணம் எடுக்க சாச்சாவுக்கு உரிமையில்லை என்று வங்கியில் சொன்னபோதுதான் எங்களுக்கு விஷயம் விளங்கியது.

பிள்ளைகளாகிய நாங்கள் மறுக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். மறுத்திருந்தால்? சட்டத்தரணி சொன்னதைக் கேட்டுத் தலை சுற்றியது. ஆயிரம் ரூபாவுக்கு மேல் மூலதனமுள்ள பங்குடைமைக்கு எழுத்திலான, கையொப்பமிட்ட உடன்படிக்கை வேண்டும் என்கிறது 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். இன்று ஆயிரம் ரூபாவுக்கு எத்தனை முழத் துணி வாங்கலாம்? ஆக, நம் ஊர்களில் வாய்ப் பேச்சில் நடக்கும் கூட்டு வியாபாரம் எல்லாமே இதற்குள் வந்துவிடும். ஊரே சாட்சி சொன்னாலும், எழுத்தில்லாமல் பங்காளி வழக்குப் பேசி வெல்வது கடினம்.

பெயர்ப் பதிவு என்பது வேறு விஷயம். உங்கள் சொந்த முழுப் பெயரில் அல்லாமல் வேறு பெயரில் கடை நடத்தினால் பதிய வேண்டும் என்பது 1918ஆம் ஆண்டின் வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டத்தின் அடிப்படை. அந்தப் பலகைக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று வாடிக்கையாளருக்கும் கடன் கொடுப்பவருக்கும் தெரிய வேண்டும் என்பதே நோக்கம். அதனால்தான் சான்றிதழைக் கடையில் எல்லோரும் காணும் இடத்தில் மாட்டச் சொல்கிறார்கள். நம்மவர்கள் அதை லாச்சிக்குள் பூட்டி வைத்திருப்பார்கள்! பதியாதவர், தன் வியாபார ஒப்பந்தத்தின்படி வரவேண்டிய பணத்துக்குக் கூட வழக்குத் தொடர முடியாத நிலை வரலாம்.

"பத்திரிகையில் அறிவித்தல் போட வேண்டுமா?" என்று பலர் கேட்கிறார்கள். தனி வியாபாரத்துக்கும் பங்குடைமைக்கும் அந்தச் சட்டம் அதைக் கேட்பதில்லை. கம்பனிக்குத்தான் அது கட்டாயம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி, கூட்டிணைக்கப்பட்டு 30 வேலை நாட்களுக்குள் கம்பனியின் பெயர், இலக்கம், பதிவு செய்த முகவரி ஆகியவற்றைப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். பத்திரிகைகளின் உட்பக்கங்களில் நாம் வாசிக்காமல் புரட்டிவிடும் அந்தச் சின்னப் பெட்டிகள் இவைதான்.

இன்னொரு தப்பெண்ணமும் உண்டு. சான்றிதழ் கிடைத்தால் பெயர் நமக்கே சொந்தம் என்று நினைக்கிறோம். இல்லை. வியாபாரப் பெயர்ப் பதிவு மாகாண மட்டத்தில் நடப்பதால், அக்கரைப்பற்றில் நீங்கள் பதிந்த பெயரைக் கண்டியில் வேறொருவர் பதிந்துவிட இடமுண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பதியாத வர்த்தகப் பெயருக்கும் ஓரளவு பாதுகாப்புத் தருகிறது. ஆனால் அந்தப் பெயரில் நீங்கள்தான் முதலில் வியாபாரம் செய்தீர்கள் என்பதை நிரூபிக்கும் சுமை உங்களுடையது. பெயர் சம்பாதித்துவிட்ட கடை என்றால், தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறியாகப் பதிவது நல்லது. விண்ணப்பம் வர்த்தமானியில் வெளியாகும்; எதிர்ப்புத் தெரிவிக்க மற்றவர்களுக்கு மூன்று மாத அவகாசம் உண்டு. பதிவு பத்து வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

எங்கள் கடையை இப்போது பங்குடைமையாகப் புதிதாகப் பதிந்திருக்கிறோம். உடன்படிக்கையும் எழுதியாகிவிட்டது. கிராம உத்தியோகத்தரிடம் போனோம், படிவம் நிரப்பினோம், அவ்வளவுதான் வேலை. சாச்சாவின் பெயரை முதலில் எழுதச் சொன்னது உம்மா.